மாசி வீதியின் பழைய படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் மதுரைக்காரன். தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பிறந்து வளர்ந்தவன். வேலைக்காகப் புனே வந்து முப்பது வருடம் ஆகிறது. போன மாதம் என் அக்கா மகன் ஒரு படம் அனுப்பினான். மாசி வீதியின் பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஒரு குதிரை வண்டி, இரண்டு சைக்கிள், வரிசையாகத் திண்ணை வைத்த ஓட்டு வீடுகள், தூரத்தில் கோபுரம். அவ்வளவு அமைதி. அதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. உங்களுக்கும் அந்தப் படத்தை இணைத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது எங்கள் தெருவே எனக்கு அடையாளம் தெரியவில்லை. கீழே கடை, மேலே லாட்ஜ், அதற்கு மேலே செல்போன் கோபுரம். தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை. வைகையைப் பார்க்கவே சகிக்கவில்லை. இப்போது எங்கள் வீட்டையும் இடித்துக் கட்ட வேண்டும் என்கிறான் தம்பி. அவன் குடும்பம்தான் அங்கே இருக்கிறது. மழைக்கு ஒழுகுகிறதாம். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. நம் ஊரை இப்படி அழிய விடலாமா? நான் செய்தது சரிதானே?

எஸ்., புனே

*

அன்புள்ள எஸ்.,

ஊரைப் பற்றி ஒன்று, வீட்டைப் பற்றி ஒன்று என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் தொண்டை அடைத்தது. நான் சிம்மக்கல்லில் வளர்ந்தவள். அந்த ஓட்டு வரிசையும் திண்ணைத் தூண்களும் எனக்கு அந்நியமில்லை. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நிழல்கள் தெருவின் குறுக்கே நீண்டு விழுந்திருக்கின்றன. கடைகளின் பலகைக் கதவுகள் இன்னும் திறக்கவில்லை. பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் எடுத்த படம் அது. பத்து மணிக்கு அதே இடத்தில் நின்று எடுத்திருந்தால் மாட்டு வண்டியும் மூட்டை தூக்குபவர்களும் கூவி விற்பவர்களுமாக வேறொரு தெரு பதிந்திருக்கும். இன்னொன்று, படத்தில் ஒரு பெண்கூட இல்லை. அந்த நேரத்தில் அவர்கள் குடத்தோடு குழாயடியில் நின்றிருப்பார்கள். என் பாட்டியின் காலைப்பொழுது அப்படித்தான் கழிந்தது.

பழைய படங்களில் தெரியும் அமைதியில் பாதி காமிரா செய்த வேலை. 1858-ல் லினியஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, மெட்ராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக மதுரைக்கு வந்தார். கோயில், நாயக்கர் மகால், தெப்பக்குளம், வைகை என்று எடுத்துத் தள்ளினார். இன்று நம் கைக்குக் கிடைக்கும் மிகப் பழைய மதுரைப் படங்களில் அவை முக்கியமானவை. அவற்றில் ஊரே காலி செய்துவிட்டுப் போனதுபோல இருக்கும். அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் ஒளி பதிய வெகுநேரம் பிடிக்கும். அதற்குள் நடந்து கடந்தவர்கள் யாரும் படத்தில் தங்க மாட்டார்கள். கல் தங்கியது, மனிதர்கள் தங்கவில்லை. அதே டிரைப்பின் படங்களில் நாயக்கர் மகாலைப் பாருங்கள். சுவர் சரிந்து, செடி முளைத்து, இடிபாடாகக் கிடக்கிறது. பிறகு கவர்னர் நேப்பியர் காலத்தில்தான் அதைச் செப்பனிட்டார்கள். இன்று பள்ளிப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கிற மகால், நூற்று அறுபது வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட நல்ல நிலையில் இருக்கிறது.

நீங்கள் இழந்துவிட்டதாக வருந்துகிற மதுரையும் ஒரு பெரிய இடிப்பில் பிறந்ததுதான். விசுவநாத நாயக்கர் காலத்துக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாளையக்காரர் பொறுப்பு என்பார்கள். 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் அந்தக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். ஊர் நெருக்கியடித்துக் கிடந்தது, அகழியில் தேங்கிய நீரால் நோய் வேறு. இடித்த இடத்தில் போட்டவைதான் நான்கு வெளி வீதிகள். அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயர்கள் மாரட் வீதியிலும் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் இருக்கின்றன. பிளாக்பர்ன் நினைவுக்கு நட்டது விளக்குத்தூண். நீங்கள் சொல்லும் தங்கம் தியேட்டர், 1952-ல் திறந்தபோது 2,563 இருக்கைகளோடு மலைக்க வைத்த கொட்டகை, மேற்குப் பெருமாள் மேஸ்திரி வீதியில்தான் இருந்தது. கோட்டை இருந்த நாளில் வாழ்ந்தவர் ஒருவர் அந்தத் தெருவில் வந்து நின்றிருந்தால், உங்களைப்போலவே அவருக்கும் ஊர் அடையாளம் தெரிந்திருக்காது.

இதைச் சொல்லி உங்கள் துக்கத்தைத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. துக்கம் நியாயமானது. அது எதன்மேல் என்று தெளிவாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ‘அந்தக் காலத்து மதுரை’ என்று மொத்தமாக ஏங்கினால் நாம் சேர்த்து விரும்பக்கூடாத பலதும் அதற்குள் வந்துவிடும். 1939 ஜூலை 8 வரை இந்த ஊரின் மக்களில் பலர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் நுழைந்த பிறகுதான் கதவு திறந்தது. உங்கள் படத்தில் இருக்கிற அழகான வீடுகளின் பின்புறம், கழிவை அள்ளித் தலையில் சுமந்து போகிறவர்களுக்கென்றே ஒரு சந்து ஓடியது. அந்தச் சந்து வழியாக நடந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய் இந்தப் படத்தைக் காட்டி ‘எவ்வளவு நன்றாக இருந்தது பார்’ என்று நாம் சொல்ல முடியாது. என்னால் முடியாது.

அப்படியானால் எதற்காக அழ வேண்டும்? முதலில் வைகைக்காக. சகிக்கவில்லை என்று நீங்கள் எழுதியது உண்மை. என் அம்மாவின் சிறுவயதில் ஆற்று மணலில் கையால் பறித்தால் ஊற்று சுரக்கும். தெளியும்வரை காத்திருந்து சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். மேலே தண்ணீர் ஓடாத கோடையிலும் மணலுக்கடியில் நீர் நகர்ந்துகொண்டிருக்கும். மணல்தான் அந்த ஆற்றின் உயிர். 1959-ல் அணை வந்த பிறகு, திறந்துவிட்டால் வரும் ஆறாக அது மாறியது. அதையாவது தாங்கியிருக்கலாம். மணலை அள்ளியதைத் தாங்க முடியவில்லை. மணல் போன இடத்தில் கட்டாந்தரையும் கருவேலமும் மிஞ்ச, சாக்கடை வந்து நிரம்பி, அதன்மேல் ஆகாயத்தாமரை படர்ந்தது. ஏ.வி. பாலத்தில் நின்று பார்த்தால் பச்சையாகத் தெரிவது அதுதான். கோட்டைச் சுவர் போனதற்கு ஒரு காரணம் சொல்லலாம், பலன் சொல்லலாம். ஆற்று மணல் போனதற்கு யாராலும் அப்படி ஒன்றைச் சொல்ல முடியாது. சித்திரையில் அழகர் இறங்கும் நாளுக்கு மட்டும் தண்ணீர் விட்டால் ஆறு பிழைத்துவிடாது. இதற்காக நீங்கள் புனேயிலிருந்து கோபப்பட்டால் அந்தக் கோபத்தில் நானும் பங்கு கேட்பேன்.

இரண்டாவது, புதுமண்டபம். இதை நீங்கள் கடிதத்தில் சொல்லவில்லை. தீபாவளிக் கூட்டத்தில் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டீர்கள். திருமலை நாயக்கர் கட்டிய அந்த வசந்த மண்டபத்துக்குள் கடைகள் இருந்தது நினைவிருக்கும். வளையல், எவர்சில்வர், பழைய பாடப்புத்தகம், குங்குமம், ஆளுயர நாயக்க மன்னர் சிலைகளுக்கு நடுவே தையல் மெஷின்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பள்ளிச் சீருடை அங்கேதான் தைப்போம். டெய்லர் அளவெடுத்துவிட்டு, நாடாவைக் கழுத்தில் போட்டபடி சாக்கட்டியைச் சிலையின் பீடத்தில் வைப்பார். பங்குனி பிறந்துவிட்டால் பள்ளிச் சீருடை ஓரம் போய்விடும். அழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் உடுத்தும் சல்லடம், உருமா, கச்சை எல்லாம் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக மெஷினுக்கடியில் வந்து விழும். தைப்பவர்களில் பலர் முஸ்லிம்கள். சரிகையை எந்த இடத்தில் மடிக்க வேண்டும், கருப்பசாமி வேஷத்துக்கு எத்தனை மணி என்று வாங்க வந்தவருக்கு அவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். தகப்பனிடமிருந்து கற்ற வேலை.

இப்போது அந்தக் கடைகளைப் பக்கத்தில் இருக்கும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்காக அது செய்ய வேண்டிய வேலைதான். எண்ணெய்ப் பிசுக்கும் ஆணியும் தூண்களைப் பாழாக்கிக்கொண்டிருந்தன. கல்லைக் காப்பாற்றியதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மண்டபத்தில் நாயக்கர் சிலையும் தையல் மெஷினும் சேர்ந்து இருந்தது இந்த ஊரின் தனிச் சொத்து. யாரும் திட்டம் போட்டு உண்டாக்கியதில்லை. கடைகளைக் கொண்டுபோகலாம், அந்தச் சேர்க்கையைக் கொண்டுபோக முடியாது. அதன் நல்ல படங்கள்கூட நம்மிடம் அதிகம் இல்லை. கோபுரத்தைப் படம் எடுத்தவர்கள் ஆயிரம் பேர். தையல்காரரின் கையை எடுத்தவர்கள் எத்தனை பேர்?

இதன் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். வண்டியூர் தெப்பக்குளத்தை நீங்கள் எப்படி நினைவு வைத்திருக்கிறீர்கள்? நம் வயதுக்காரர்களுக்கு அது கிரிக்கெட் மைதானம். வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும். தைப்பூசத் தெப்பத்துக்குத் தண்ணீர் நிரப்புவார்கள், பிறகு மறுபடி மண். அடுத்த முறை வரும்போது போய்ப் பாருங்கள். வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயைத் தூர்வாரி வழி விட்டதால் சில ஆண்டுகளாகக் குளத்தில் தண்ணீர் நிற்கிறது. நடு மண்டபத்தின் நிழல் நீரில் விழுகிறது. சுற்றுப்பட்டுக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியிருப்பதாக அங்கே குடியிருப்பவர்கள் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். நாம் சிறுவயதில் பார்த்த தெப்பக்குளத்தைவிட இன்றைய பிள்ளைகள் பார்க்கும் தெப்பக்குளம் அழகு. ஏதோ ஒரு அலுவலகத்தில் யாரோ பழைய கால்வாயின் தடத்தைத் தெரிந்து வைத்திருந்ததால் இது நடந்தது.

டவுன் ஹால் ரோட்டில் நடந்திருப்பீர்கள். கூடலழகர் கோயிலின் பெருமாள் தெப்பக்குளம் அங்கே கடைகளுக்குப் பின்னால்தான் இருக்கிறது. எத்தனையோ ஆண்டுகளாக அந்தத் தெருவில் பேண்ட் சட்டை வாங்கிப் போனவர்களுக்கு ஐம்பதடி தள்ளி ஒரு குளம் இருப்பது தெரியாது. அழிந்ததை நினைத்து அழுகிறவர்கள் இப்படி மறைந்து கிடப்பதையும் தேடிப் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நினைக்கிறேன்.

இனி உங்கள் வீடு.

நீங்கள் செய்தது சரியில்லை என்றே எனக்குப் படுகிறது. முப்பது வருடமாக அந்த வீட்டின் ஒழுகலுக்குப் பாத்திரம் வைத்தவர் தம்பி மனைவி. கட்டை உளுத்த மச்சுக்குக் கீழே தூங்குகிறவர்கள் அவர்கள் பிள்ளைகள். சுண்ணாம்புக் காரை வேலை தெரிந்த கொத்தனார் இன்று சுலபத்தில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலியும் பொருளும் சாதாரணச் செலவில்லை. வீடு அப்படியே நிற்க வேண்டும் என்றால் அந்தச் செலவை நீங்கள் ஏற்க வேண்டும். ஏற்க முடியும் என்றால் தம்பியிடம் தொகையைச் சொல்லிப் பேசுங்கள். முடியாது என்றால் கையெழுத்துப் போடுங்கள்.

ஆனால் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதற்கு நீங்கள்தான் சரியான ஆள். வீட்டை அளக்க வேண்டும். திண்ணை, ரேழி, முற்றம், அடுக்களை, மாடிப்படி, எல்லாவற்றின் நீள அகலமும் உயரமும். தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலைத் துறை இருக்கிறது. கேட்டுப் பாருங்கள், மாணவர்கள் ஆசையாக வருவார்கள். ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள். பின்பக்கத்துச் சந்து, அதையும் விட்டுவிடாதீர்கள். எந்த அறையில் யார் படுத்தார்கள், எங்கே பிரசவம் பார்த்தார்கள், திண்ணையில் யாரை உட்கார விட்டார்கள், யாரை விடவில்லை, தண்ணீர் எங்கிருந்து வந்தது, எந்த வருடம் மின்சாரம் வந்தது, தெருவில் அடுத்தடுத்து யார் குடியிருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று எழுதி வையுங்கள். அக்காவுக்கு உங்களைவிட அதிகம் நினைவிருக்கும். அவர் சொல்லச் சொல்ல மருமகனைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இது முடிந்த பிறகு கட்டுகிறவரிடம் முன்கட்டை மட்டுமாவது நிறுத்த வழி உண்டா என்று கேளுங்கள். சில இடங்களில் திண்ணையையும் வாசல் நிலையையும் அப்படியே வைத்துப் பின்னால் மாடி எழுப்பியிருக்கிறார்கள். ஆகாது என்று சொன்னால் நிலைக்கதவையும் தூண்களையும் வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடாமல் புதுவீட்டிலேயே பொருத்தச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் முன்பாகத் தம்பிக்குப் போன் செய்யுங்கள். வீட்டைப் பற்றி இந்த ஒரு முறை பேச வேண்டாம். அளந்து முடித்த வரைபடத்தில் ஒரு பிரதி எனக்கும் வேண்டும். சிம்மக்கல்லில் எங்கள் பாட்டி வீட்டுக்கு அப்படி ஒன்று இல்லை.

அன்புடன்.