பாட்டிக்கு என்ன கணக்குத் தெரியும்?

அன்புள்ள ஐயாவுக்கு,

ஏழைக் குடும்பங்கள் கணக்குப் பார்த்தே பிள்ளை பெற்றன என்று எழுதியிருந்தீர்கள். என் பாட்டி மூணாறு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர், கையெழுத்துப் போடத் தெரியாது. எட்டுப் பிள்ளைகள். எனக்கு ஒரே மகன். அவருக்கு என்ன கணக்குத் தெரிந்திருக்கும்?

செ., மூணாறு

அன்புள்ள செ.,

கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோ குறைத்து எழுதினால் உங்கள் பாட்டி சும்மா விட்டிருப்பாரா?

லயத்து வீடு, அதாவது தோட்டம் தொழிலாளர்களுக்குத் தரும் வரிசை வீடு, வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும்; பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பெயர் பதிந்தால் வீடு கையில் தங்கும். சொந்த ஊரில் ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்களுக்குப் பிள்ளைதான் பட்டா. குழந்தைச் சாவு மலிந்திருந்த காலத்தில் ஒன்றோடு நிறுத்த யாருக்குத் துணிச்சல் வரும்?

பங்களாதேஷ் கிராமம் ஒன்றை ஆராய்ந்த மீட் கெய்ன் 1977-இல் எழுதினார்: பையன் 12 வயதுவாக்கில் தான் உண்பதைவிட அதிகம் உழைத்துத் தருகிறான், 15 வயதுக்குள் அதுவரை உண்டதையும் ஈடுகட்டிவிடுகிறான். இத்தகைய ஆய்வுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம்மவர்கள் பையனோடு நிறுத்திக்கொள்வதில்தான் எனக்கு மனத்தாங்கல். வீட்டின் மூத்த பெண் எங்கே? கைக்குழந்தையை அவள் இடுப்பில் வாங்கிக்கொண்டால்தான் தாய் மலையேற முடியும். தண்ணீர் பிடிப்பதும் உலை வைப்பதும் அவள்தான். அவள் பெயரில் ஒரு ரூபாய்கூடக் கூலி விழாது. தாயின் கூலியில் பாதி அவளுடையது என்பேன்.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்கச் சொன்னது. ஒழுங்காக நடந்த இடத்தில் அது செய்த வேலை பெரிது. கைக்குழந்தை ஆயாவிடம் போனால் மூத்தவள் பள்ளிக்குப் போகலாம். போனதும் வீட்டுக்கு அவள் உழைப்பு குறைகிறது, நோட்டுப் புத்தகச் செலவு ஏறுகிறது. அடுத்த பிள்ளை வேண்டுமா என்ற யோசனை அங்கே தொடங்குகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கேரளத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை, மலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் அதே 1.8. உங்கள் மகன் கல்லூரி முடிக்கும்வரை பணம் ஒரே திசையில்தான் போகும், உங்களுக்கே தெரியும்.

எட்டும் பாட்டி விரும்பிப் பெற்றவை என்று நான் சொல்லவில்லை. குடும்பத்துக்கு ஆதாயம் தெரிந்தது. பிரசவமும் அதன் பின்னான உடல்நோவும் அவர் ஒருவர் தலையில். அவரிடம் யாராவது கேட்டிருப்பார்களா என்பதே சந்தேகம்.

எட்டில் மூத்தவர் அத்தையா? எந்த வகுப்போடு அவர் படிப்பை நிறுத்தினார்கள் என்று விசாரித்து எழுதுங்கள்.