முகப்பில் நின்று குரல் கொடுங்கள்: சிறுவிமான வாசகர் கேள்வி பதில்

சிறுவிமானம் ஓட்டுகிறவர்களுக்குள் இருக்கும் பழக்கவழக்கங்கள், ஒருவர் மேல் ஒருவருக்கு வரும் எரிச்சல்கள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தோம். காரைக்குடி, தேவகோட்டை சுற்றுவட்டாரத்திலிருந்துதான் கடிதங்கள் அதிகம். நானும் காரைக்குடிக்காரன்தான். பன்னிரண்டு வருடம் அமெரிக்காவில் பறக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவன். எனக்குப் பழகிய ஆட்களுக்குப் பதில் சொல்வதுபோலவே எழுதுகிறேன்.

என் மகன் அமெரிக்காவில் பைலட் படிப்பு படிக்கிறான். முந்தாநாள் விமான நிலையத்தில் ஒரு பெரியவர் எல்லார் முன்னாலும் அவனைக் கண்டபடி பேசிவிட்டாராம். 'நான் விமானத்தைத் திருப்பினேன், அவ்வளவுதான்' என்று போனில் அழுகிறான். திருப்பியதில் என்ன தப்பு?
— ஒரு தாய், தேவகோட்டை

ஆச்சி, முதலில் தம்பியிடம் சொல்லுங்கள், இந்தத் திட்டை வாங்காத பைலட் கிடையாது. ஆனால் அந்தப் பெரியவர் பக்கமும் நியாயம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

தம்பி திருப்பிய நேரத்தில் விமானத்தின் வால் யாருடைய ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாசலைப் பார்த்து நின்றது என்று கேளுங்கள். முன்னால் சுற்றும் ப்ரொபெல்லர் காற்றைப் பின்பக்கமாகத்தான் தள்ளும். மெதுவாக உருண்டுகொண்டிருந்தால் பெரிதாகத் தெரியாது. திருப்புவதற்காக த்ராட்டிலை, அதாவது இன்ஜின் விசையை, கொஞ்சம் கூட்டிவிட்டால் போதும், பின்னால் இருக்கும் மணல், சருகு, பொடிக்கல் எல்லாம் கிளம்பிவிடும். அங்கே யாராவது இன்ஜின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு எண்ணெய் மாற்றிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் காலையிலிருந்து இறக்கைக்கு மெழுகு போட்டு அப்போதுதான் நிமிர்ந்திருப்பார். அவர் முகத்திலும் மெழுகிலும் ஒரு கூடை மண்ணைக் கொட்டியது மாதிரி ஆகிவிடும். கதவு திறந்து கிடக்கும் சின்ன விமானமாக இருந்தால் கீல் முறிந்துபோகும் அளவுக்குக் கதவு அடித்துக்கொள்ளும்.

புறப்படும் முன் இன்ஜினை நிமிடத்துக்கு 1,700, 1,800 சுற்றுக்கு ஏற்றி சோதிக்கும் ரன்-அப்பில் இது இன்னும் மோசம். அதற்கென்று ஒதுக்கிய இடத்துக்குப் போய், பின்னால் ஆளோ விமானமோ கட்டடமோ இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். இதில் இன்னொன்றும் இருக்கிறது. சாவியைத் திருப்பும் முன் ஜன்னலைத் திறந்து 'க்ளியர் ப்ராப்', அதாவது ப்ரொபெல்லர் பக்கம் யாரும் நிற்காதீர்கள் என்று கத்துவார்கள். கத்திய வாயோடு சாவியைத் திருப்பிவிடுகிற பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது எச்சரிக்கையே இல்லை. கத்திவிட்டு நாலைந்து விநாடி நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, யாரும் இல்லை என்று கண்ணால் உறுதி செய்த பிறகுதான் திருப்ப வேண்டும். சக்கரக்கட்டையை எடுக்கக் குனிந்தவர் நிமிர அந்த நேரமாவது வேண்டாமா?

தம்பியை நாளைக்கே அந்தப் பெரியவரிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். மெழுகு போட ஒரு கை கொடுத்தால் இன்னும் நல்லது. சின்ன விமான நிலையங்களில் அப்படிப்பட்ட பெரியவர்கள்தான் பிறகு காப்பி வாங்கிக்கொடுத்து, எந்தப் புத்தகத்திலும் இல்லாததைச் சொல்லிக்கொடுப்பார்கள்.

கட்டுப்பாட்டுக் கோபுரமே இல்லாத விமான நிலையங்களில் யார் யாருக்கு அனுமதி கொடுப்பார்கள்? ஆளாளுக்கு இறங்கினால் மோதிக்கொள்ள மாட்டார்களா?
— கல்லூரி மாணவர், காரைக்குடி

யாரும் யாருக்கும் அனுமதி கொடுப்பதில்லை தம்பி. அமெரிக்காவில் பெரும்பாலான சிறு விமான நிலையங்கள் இப்படித்தான் நடக்கின்றன. எல்லாரும் ஒரே ரேடியோ அலைவரிசையில் இருந்துகொண்டு, நான் எங்கே இருக்கிறேன், என்ன செய்யப்போகிறேன் என்று அவரவரே அறிவிப்பார்கள். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தானே வளவுக்குள் கால் வைப்போம், அது மாதிரிதான். உள்ளே எந்தக் கட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, ஆனால் நாம் வருவது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இதில் எரிச்சல் மூட்டுகிறவர்கள் பல ரகம். முதல் ரகம், கேட்காமல் பேசுகிறவர். அலைவரிசைக்கு மாறிய அடுத்த விநாடியே பட்டனை அழுத்திப் பேச ஆரம்பித்தால், பாதி பேசிக்கொண்டிருந்த இன்னொருவர் குரல் நசுங்கி, இரண்டு பேர் சொன்னதும் யாருக்கும் விளங்காமல் வெறும் கீச்சென்ற சத்தம்தான் மிஞ்சும். கொஞ்ச நேரம் காது கொடுத்தாலே அங்கே எத்தனை பேர் சுற்றுகிறார்கள் என்று பாதி படம் கிடைத்துவிடும். 'எனி ட்ராஃபிக் இன் தி ஏரியா ப்ளீஸ் அட்வைஸ்' என்று கேட்கிறவர் அடுத்த ரகம். அதாவது, இங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் எனக்காக மறுபடி ஒருமுறை சொல்லுங்கள் என்கிறார். எந்த நிலையிலும் இந்த வாசகத்தைச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்க விமானத்துறையின் கையேட்டிலேயே இருக்கிறது, இருந்தும் தினமும் காதில் விழும்.

ஊர்ப் பெயரை விழுங்குகிறவரும் உண்டு. 122.8 போன்ற ஒரே அலைவரிசையைப் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் பல பகிர்ந்துகொள்கின்றன. 'ஃபைனலில் இருக்கிறேன்', அதாவது ஓடுபாதைக்கு நேரே இறங்கும் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னால் எந்த ஊர் ஃபைனல்? அதனால்தான் ஊர்ப் பெயரை அறிவிப்பின் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை சொல்லும் வழக்கம் வந்தது. இன்ன விமானம், வடக்கே பத்து மைல், இரண்டாயிரம் அடி, இறங்க வருகிறேன், இவ்வளவு போதும். உள்ளூர்க்காரருக்கு மட்டும் தெரிந்த தோப்பையோ கண்மாயையோ அடையாளமாகச் சொன்னால் வெளியூர்க்காரர் முழிப்பார். வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே வழி பிடித்து வருபவர் தன் வரைபடத்தில் ஓர் இடத்துக்கு இட்டிருக்கும் ஐந்தெழுத்துப் பெயரைச் சொன்னாலும் அப்படித்தான், நேற்று சேர்ந்த மாணவனுக்கு அது எந்தத் திசை என்றே தெரியாது.

அப்புறம் வானத்தில் நடக்கும் தள்ளுமுள்ளு. ஓடுபாதையைச் சுற்றி, பெரும்பாலும் ஆயிரம் அடி உயரத்தில், இடதுபக்கமாகத் திரும்பித் திரும்பி ஒரு செவ்வகமாகச் சுற்றிவந்து இறங்குவது பொது வழக்கம். மூன்று பேர் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது நாலாவது ஆள் தூரத்திலிருந்து நேராக நுழைந்து முன்னால் இறங்கினால், பந்தியில் இலை போட்டுக் காத்திருப்பவர் மடிமேல் வந்து உட்காருவது போலத்தான். நேராக வந்து இறங்குவதற்குச் சட்டத்தில் தடை இல்லை, ஆனால் வரிசையைப் பார்த்து இடம் விட்டு வர வேண்டும். இறங்க வரும் இருவரில் தாழ்வாக இருப்பவருக்கு முன்னுரிமை என்று விதி சொல்கிறது, அதே விதி அதைச் சாக்காக வைத்து இன்னொருவருக்கு முன்னால் குறுக்கே புகக்கூடாது என்றும் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தான் சண்டைக்குக் காரணம்.

செவ்வகத்தை அடுத்த ஊர் வரைக்கும் நீட்டுகிறவரும் எரிச்சல்தான். பின்னால் வருகிறவர்களும் அவர் பின்னாலேயே போயாக வேண்டும், நடுவில் யாருக்காவது இன்ஜின் நின்றால் ஓடுபாதைக்கு மிதந்து வரக்கூட முடியாது. ஓடுபாதையில் ஏறி நின்றுகொண்டு ஐபேடில் வரைபடம் தேடுகிறவரைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம் வந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

மோதிக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டீர்கள். மோதியிருக்கிறார்கள். சிறுவிமானங்களில் செஸ்னா 172-க்கு இறக்கை மேலே, அதனால் மேல்பக்கம் மறையும். பைப்பர் செரோக்கிக்கு இறக்கை கீழே, கீழ்ப்பக்கம் மறையும். செரோக்கி மேலேயும் செஸ்னா கீழேயுமாக ஒரே ஓடுபாதைக்கு இறங்கி வந்தால் இரண்டு பேருக்கும் மற்றவர் தெரிய மாட்டார். கோபுரம் இல்லாத அப்படிப்பட்ட பல இடங்களில் ரேடியோவே இல்லாத பழைய விமானங்கள் வருவதும் சட்டப்படி சரிதான். எனவே குரல் கொடுத்துவிட்டோம் என்று கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

வள்ளல் அழகப்பர் விமானம் ஓட்டத் தெரிந்தவர் என்கிறார்களே, உண்மையா?
— கோட்டையூர் வாசகர்

உண்மைதான் ஐயா. 1909இல் உங்கள் ஊரில் பிறந்தவர், லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போன காலத்தில் க்ராய்டனில் பறக்கக் கற்று பைலட் சான்றிதழ் வாங்கினார். பிற்பாடு ஜுபிடர் ஏர்வேஸ் என்று விமான நிறுவனமே நடத்தினார்.

க்ராய்டன் என்றதும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வருகிறது. விமானங்களுக்கென்று கட்டுப்பாட்டுக் கோபுரம் முதன்முதலில் வந்த இடம் அது, 1920இல். ஆபத்தில் இருக்கும் பைலட் சொல்லும் 'மேடே' என்ற சொல்லும் அதே 1920களில் அங்கேதான் பிறந்தது. அங்கே ரேடியோ அதிகாரியாக இருந்த ஃப்ரெடரிக் மாக்ஃபோர்ட், பாரிஸுக்குப் போய்வரும் விமானங்கள் அதிகம் என்பதால், 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சுத் தொடரின் ஓசையில் அதை அமைத்தார். நம் ஊர்க்காரர் பறந்து பழகிய இடம் அது என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அவசரத்துக்கென்று வைத்திருக்கும் ரேடியோ அலைவரிசையில் பைலட்டுகள் பூனை மாதிரி கத்துகிறார்களாமே?
— பள்ளத்தூர் வாசகி

கத்துகிறார்கள், வெட்கக்கேடு. 121.5 என்ற அந்த அலைவரிசையைப் பெரிய விமானங்களும் பறக்கும்போது கேட்டுக்கொண்டே போகும். யாரோ ஒருவர் இன்ஜின் நின்று 'மேடே' சொல்லும் நேரத்தில் மேலே ஒரு 'மியாவ்' விழுந்தால் என்ன ஆகும்? தெரியாமல் அதில் பேசிவிட்ட மாணவனைப் பத்துப் பேர் சேர்ந்து 'கார்ட், கார்ட்' (இது அவசர அலைவரிசை) என்று விரட்டுவதும் அதே அளவுக்குத் தப்பு. ஒருவர் ஒருமுறை அமைதியாகச் சொன்னால் போதும்.

அமெரிக்காவில் இருக்கும் சிநேகிதி தன் சின்ன விமானத்தில் ஏற்றிப்போகிறேன் என்கிறாள். எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
— கானாடுகாத்தான் வாசகி

எடை கேட்பாள், உள்ளதைச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட்டுப் பத்து கிலோ குறைக்கிறவர்கள்தான் அதிகம். நாலு இருக்கை இருக்கிறது என்பதால் செஸ்னா 172 நாலு பேரைச் சுமக்கும் என்று நினைக்காதீர்கள். தொட்டி நிரம்பினால் எரிபொருளே 145 கிலோ பக்கம் வந்துவிடும், அதற்கு மேல் மூன்று பெரியவர்கள் ஏறினாலே கணக்கு முடிந்தது. தேன்குழலும் மனகோலமும் நிரப்பிய எவர்சில்வர் தூக்கு எடுத்துப்போனால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கதவைக் கார்க் கதவு மாதிரி அறையாதீர்கள், அது மெல்லிய தகடு. அவள் காட்டும் இடத்தில் மட்டும் கால் வையுங்கள். நின்றுகொண்டிருந்தாலும் ப்ரொபெல்லர் பக்கம் போகாதீர்கள், படத்துக்காக அதைப் பிடித்து நிற்கவே கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் பேச்சு வேண்டாம், வேறு விமானம் கண்ணில் பட்டால் மட்டும் உடனே சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள். வயிறு புரட்டினால் அடக்கிக்கொண்டு இருக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாடகை விமானத்தில் பயிற்சி எடுக்கிறேன். எனக்கு முன்னால் ஓட்டியவர் எதையும் ஒழுங்காக விட்டுப்போவதில்லை. புகார் செய்யலாமா?
— தற்போது வெளிநாட்டில் உள்ள புதுவயல் மாணவர்

செய்யுங்கள், ஆனால் முதலில் அவரிடமே நேரில் சொல்லிப்பாருங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு காலை, மாணவரோடு எழும்பி நானூறு அடி போயிருப்போம், வலதுபக்கத்திலிருந்து படபடவென்று ஒரு அடி. இன்ஜின் பிய்ந்துகொண்டு போகிறது என்றே நினைத்தேன். கருவிகளில் ஒரு குறையும் இல்லை, சத்தம் மட்டும் நிற்கவில்லை. சுற்றிவந்து இறங்கிப் பார்த்தால், பின்சீட்டு பெல்ட்டின் பக்கிள் கதவுக்கு வெளியே ஒரு சாண் தொங்குகிறது. அது அடித்த இடத்தில் பெயின்ட் பெயர்ந்து, தகட்டில் உளுந்து உளுந்தாகப் பள்ளம். முதல் நாள் மாலை ஓட்டியவர் பெல்ட்டைப் பூட்டி வைக்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார், பறக்கும் முன் பார்க்க வேண்டிய நானும் பார்க்கவில்லை.

எனவே இறங்கியதும் நாலு பெல்ட்டையும் பூட்டி சீட்டில் வையுங்கள். ஏதாவது கோளாறு தெரிந்தால் பதிவேட்டில் எழுதுங்கள். அடுத்தவர் கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பொறுக்கவே முடியாத குணம். முன்கண்ணாடியில் ஒட்டிய பூச்சிகளைத் துடைத்துவிட்டுப் போங்கள். அது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். வீட்டு ஜன்னலுக்கு அடிக்கும் அமோனியா கலந்த திரவம் ஆகாது. தண்ணீர் விட்டு ஊறவைத்து, சுத்தமான மெல்லிய துணியால் மேலும் கீழுமாகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்த்தால் விழும் கீறல்கள் வெயிலுக்கு எதிரே பறக்கும்போது கண்ணைக் கூசவைக்கும். பீக்கன் விளக்கின் சுவிட்சை மட்டும் எப்போதும் 'ஆன்' நிலையிலேயே விட்டுவிடுங்கள். விமானத்தின் மின்சாரம் முழுவதற்குமான மாஸ்டர் சுவிட்சை அணைக்க மறந்து நடந்தால், வாலில் சிவப்பு விளக்கு சுற்றிக்கொண்டிருப்பது தெரியும், திரும்பிப்போய் அணைத்துவிடலாம். இல்லையென்றால் மறுநாள் காலை வருகிறவருக்கு பேட்டரி செத்துக் கிடக்கும்.

அண்ணன் மகன் அமெரிக்காவில் என்னை விமானத்தில் ஏற்றிப்போனான். முழுச் செலவையும் கொடுத்தேன், பாதிக்கு மேல் வாங்க மறுத்துவிட்டான். சித்தப்பா காசு என்றால் இளப்பமா?
— வாசகர், ஆத்தங்குடி

இளப்பம் இல்லை ஐயா, சட்டம். அங்கே சொந்தப் பயன்பாட்டுக்கான பைலட் உரிமம் மட்டும் வைத்திருப்பவர் கூட வருகிறவரிடம் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் தன் பங்கைத் தானே போட வேண்டும். இரண்டு பேர் போனால் பாதி அவருடையது. அதற்கு மேல் வாங்கினால் கூலிக்கு ஓட்டியதாகிவிடும், உரிமத்துக்கே ஆபத்து. மகன் சரியாகத்தான் செய்திருக்கிறான். அடுத்த முறை இறங்கியதும், அவன் காட்டும் இடத்தில் கைவைத்து விமானத்தைத் தள்ளி நிறுத்தக் கூட நில்லுங்கள், கயிறு கட்டும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொடுங்கள்.