பழங்கால வணிகப் பாதைகளை மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள், வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதையை விட்டுவிட்டு ஒரு பொருளைப் பிடியுங்கள். என் தேர்வு மிளகு.

எகிப்தின் செங்கடல் கரையில் பெரனிகே என்ற பழைய துறைமுகம் இருந்தது. அங்கே கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியப் பானை ஒன்றில் ஏறக்குறைய 7.5 கிலோ மிளகு கிடைத்தது, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. இதைச் சொல்லிவிட்டு வகுப்பிடமே கேளுங்கள்: யார் கொண்டுவந்தார்கள்? கோயிலுக்கு மிளகு எதற்கு? பருவக்காற்று தானாகவே பாடத்துக்குள் வந்துவிடும். தென்மேற்குக் காற்றில் இந்தியா வந்த கப்பல், திரும்பிப் போக வடகிழக்குக் காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். இப்படி மாதக்கணக்கில் தங்கியவர்கள் மூலம் சரக்கோடு மொழியும் சமயமும் ஊர்விட்டு ஊர் போயின. அதே பெரனிகேயில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடும் கிடைத்திருக்கிறது, புத்தர் சிலையும் கிடைத்திருக்கிறது!

அப்புறம் வரி. இந்தியச் சரக்குக்கு ரோமப் பேரரசு கால் பங்கு வரி வாங்கியது. மேல் வகுப்பு என்றால் இதைக் கணக்காகவே கொடுக்கலாம்.

பட்டுப்பாதையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எடுத்தால், அது ஒரே நீளமான சாலை என்ற தவறான எண்ணம் ஒட்டிக்கொள்ளும்.