குலுக்கலில் பெயர் வரவைக்க ஏஜெண்டால் முடியுமா?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். வயது 25. பி.காம். முடித்துவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். ஆஸ்திரேலியாவில் ஒரு வருடம் வேலை செய்துகொண்டே ஊர் சுற்றிப் பார்க்க விசா தருகிறார்களாம், அதற்குக் குலுக்கல் உண்டாம். மூன்றரை லட்சம் கொடுத்தால் குலுக்கலில் பெயர் வர ஏற்பாடு செய்வதாகக் காட்பாடியில் ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். முன்பணம் 75 ஆயிரம், இன்னும் கொடுக்கவில்லை. ஒரிஜினல் சான்றிதழ்களை மட்டும் சரிபார்க்க வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். நகையை அடகு வைக்கலாம் என்கிறார் அப்பா. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

நீங்கள் கேள்விப்பட்ட விசா உண்மைதான். ‘ஒர்க் அண்ட் ஹாலிடே’ என்று பெயர், எண் 462. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒத்துக்கொண்டபடி 2024-ல் நம் பிள்ளைகளுக்கும் இந்த விசாவைத் திறந்துவிட்டார்கள். 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு. வருடத்துக்கு ஆயிரம் இடம், அதுவும் இந்தியா முழுவதுக்கும் சேர்த்து. முதல் குலுக்கலுக்கு 2024 அக்டோபரில் பதிவு திறந்தார்கள். இரண்டே வாரத்தில் நாற்பதாயிரம் பேர் பதிந்துவிட்டதாக அந்நாட்டு அமைச்சர் ஒருவரே சொன்னார். குலுக்குவது ஆஸ்திரேலிய உள்துறையின் கம்ப்யூட்டர். காட்பாடியில் உட்கார்ந்துகொண்டு அதில் கைவைக்க யாராலும் முடியாது. எனக்கும் முடியாது.

அப்படியானால் ‘எங்கள் மூலம் போனவர்கள்’ என்று ஃபிளெக்ஸில் போட்டோ போடுகிறார்களே, அது எப்படி? நீங்கள் அக்கவுண்ட்ஸ் ஆள், கணக்காகவே சொல்கிறேன். நாற்பது பேரில் ஒருவருக்கு விழும் என்று வைத்துக்கொள்வோம். ஏஜெண்ட் எண்பது பேரிடம் முன்பணம் வாங்கி எண்பது பேரையும் பதிகிறார். அதற்கு மேல் அவர் ஒரு துரும்பைக்கூட நகர்த்த வேண்டாம், இரண்டு பேருக்குத் தானாக விழுந்துவிடும். அந்த இரண்டு பேர்தான் ஃபிளெக்ஸில் சிரிக்கிறார்கள். எண்பது பேர் தலா 75 ஆயிரம் என்றால் அறுபது லட்சம். பதிவுக் கட்டணமோ தலைக்கு 25 ஆஸ்திரேலிய டாலர்தான், நம் பணத்தில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை ஒட்டி வரும். எண்பது பேருக்கும் கட்டினால்கூட அவருக்கு ஒன்றேகால் லட்சத்துக்குள் முடிந்துவிடும். மிச்சப் பணம் போகும் இடம் உங்களுக்கே தெரியும். பெயர் வராத எழுபத்தெட்டுப் பேருக்கு ‘ப்ராசஸிங் சார்ஜ் போக பாக்கி தருகிறோம்’ என்பார்கள். பாக்கி வராது.

இதைவிட மோசமான இன்னொரு வேலையும் செய்கிறார்கள். பதிவு செய்யும்போது உங்கள் மெயில் முகவரிக்குப் பதிலாகத் தங்கள் முகவரியைப் போட்டுவிடுவார்கள். குலுக்கல் முடிவு மெயிலில்தான் வரும். பெயர் வந்தால் 28 நாளுக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மெயில் அவர் கையில், நாளும் ஓடுகிறது. ‘பெயர் வந்தாச்சு, இன்றைக்குள் மூன்று லட்சம் போடுங்க’ என்று போன் வந்தால் அப்பா என்ன செய்வார்? அடகுக் கடைக்குத்தான் ஓடுவார். அதனால் பதிவை நீங்களே செய்யுங்கள். ஆஸ்திரேலிய உள்துறை இணையதளத்தில் ‘இம்மிஅக்கவுண்ட்’ என்று ஒரு கணக்குத் திறக்க வேண்டும். கையில் பாஸ்போர்ட்டும் பான் கார்டும் இருந்தால் போதும். செல்போனில் கண்ணை இடுக்கிக்கொண்டு நிரப்பாமல், தெரிந்தவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிதானமாக நிரப்புங்கள். கட்டணத்தை அங்கேயே கார்டில் கட்டிவிடலாம். ஒருவர் ஒரு முறைதான் பதியலாம். ‘நான்கு முறை பதிந்து சான்ஸைக் கூட்டித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் மட்டும் கவனம். நம் ஊரில் மார்க்‌ஷீட்டில் ஒரு இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்போர்ட்டில் வேறு ஒரு மாதிரி என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் நிரப்புங்கள். பான் கார்டு அதோடு ஒத்துப்போகாவிட்டால் பதிவு திறப்பதற்கு முன்பே திருத்திவிடுங்கள்.

அடுத்தது ஆங்கிலம். ஏஜெண்டுகள் அதிகம் கறப்பது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த விசாவுக்கு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சை கட்டாயம், அதற்கு எங்களிடமே கோச்சிங், முப்பதாயிரம் என்பார்கள். முதலில், கேட்கும் மதிப்பெண் சராசரி 4.5 தான். பி.காம். படித்துக் கம்பெனி மெயில்களுக்குப் பதில் எழுதும் உங்களுக்கு அது பெரிய மலையில்லை. இரண்டாவது, பரீட்சையே எழுதாமலும் போகலாம். பட்டப் படிப்பில் குறைந்தது ஒரு வருடம், முழுநேரமாக, பாடம் முழுவதையும் ஆங்கிலத்திலேயே நடத்தும் நிறுவனத்தில் படித்திருந்தால் அதையே ஆதாரமாகக் காட்டலாம். பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தாலும் இதற்குத் தடையில்லை. பலர் டி.சி.யில் பயிற்று மொழி தமிழ் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, நமக்கு வாய்ப்பில்லை என்று பயந்து கோச்சிங்கில் பணத்தைக் கொட்டுகிறார்கள். அது பள்ளிக்கூடத்து டி.சி. இங்கே கேட்பது கல்லூரியை. உங்கள் கல்லூரி அலுவலகத்தில், இன்ன வருடம் முதல் இன்ன வருடம் வரை இவர் இங்கே முழுநேரமாகப் படித்தார், பயிற்று மொழி ஆங்கிலம் என்று கல்லூரித் தாளில், முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் போட்டு ஒரு கடிதம் வாங்குங்கள்.

வாங்குவதற்குள் மூன்று முறையாவது அலைய விடுவார்கள். ஒருநாள் கிளார்க் லீவு, ஒருநாள் பிரின்சிபால் மீட்டிங், மூன்றாம் நாள் ‘இதுக்கு ஃபார்மேட் இல்லையேம்மா’ என்பார்கள். ஒரே ஒரு வரிக் கடிதத்துக்கு இத்தனை நடை. ஃபார்மேட்டை நீங்களே டைப் செய்து கொண்டுபோய்க் கொடுங்கள். தேதியும் ‘முழுநேரம்’ என்ற சொல்லும் விடுபட்டிருந்தால் அங்கேயே நின்று திருத்தி வாங்குங்கள். தொலைதூரக் கல்வியில் பி.காம். முடித்தவர் என்றால் இந்த வழியை நம்ப வேண்டாம், பரீட்சையே எழுதிவிடுங்கள்.

படிப்புத் தகுதியில் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. பிளஸ் டூவுக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடப் படிப்பு கேட்கிறார்கள், உங்களிடம் மூன்று வருடம் இருக்கிறது.

பணத்துக்கு வருவோம். விசாக் கட்டணம் 2025 ஜூலை முதல் 670 டாலர். இதைத் தவிர, போய் இறங்கிச் சமாளிக்க ஏறக்குறைய 5,000 டாலரும் திரும்பிவர டிக்கெட்டுக்குப் பணமும் கணக்கில் இருப்பதைக் காட்ட வேண்டும். 5,000 டாலர் என்பது மூன்று லட்சத்தை ஒட்டி வரும். ஏஜெண்ட் கேட்கும் மூன்றரை லட்சம் இருந்தால் நீங்கள் காட்ட வேண்டிய தொகை உங்கள் பெயரிலேயே, உங்கள் பாங்கிலேயே இருக்கும். அவரிடம் கொடுத்துவிட்டால், ‘ஃபண்ட்ஸ் காட்ட நாங்களே ஏற்பாடு செய்கிறோம், வட்டி மட்டும் கொடுங்க’ என்று அடுத்த வலை விரிப்பார். நேற்று வந்து நாளை போகப்போகிற பணத்தை விசா அதிகாரி கண்டுபிடிக்க ஸ்டேட்மெண்டில் ஒரு பார்வை போதும். பெயர் வருவதற்கு முன்னால் இந்தப் பணத்துக்காகக் கடன் வாங்காதீர்கள். இப்போதைக்கு உங்கள் செலவு அந்த 25 டாலர் மட்டும்தான்.

போனால் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அங்கே போய் அக்கவுண்ட்ஸ் வேலை கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது விதி. ஆறு மாத ஆளுக்கு யார் லெட்ஜரைக் கொடுப்பார்கள்? கஃபேயில் தட்டு எடுப்பது, ஹோட்டலில் படுக்கை விரிப்பது, குயின்ஸ்லாந்து பக்கம் தோட்டத்தில் பழம் பறிப்பது, இப்படித்தான் ஆரம்பிக்கும். சம்பளம் மோசமில்லை. 2025 ஜூலை முதல் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். ஆனால் புரோக்கர் அங்கேயும் இருக்கிறான். தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர், அவனே நடத்தும் ஹாஸ்டல், வேலை இல்லாத நாளிலும் வாடகை. பெட்டிக்கு இவ்வளவு என்று பேசி அடிமாட்டுக் கூலி தரப் பார்ப்பான். 2022 ஏப்ரல் முதல் பெட்டிக் கணக்கில் வேலை செய்தாலும் மணிக்கணக்குக் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறையக்கூடாது என்று விதி வந்துவிட்டது. குறைத்தால் ‘ஃபேர் ஒர்க் ஆம்பட்ஸ்மேன்’ அலுவலகத்தில் புகார் செய்யலாம், மொழிபெயர்ப்பாளர் உதவியும் உண்டு. பாஸ்போர்ட்டை மட்டும் எந்த முதலாளி கையிலும் கொடுக்காதீர்கள்.

ஆஸ்திரேலியாவையே நம்பி உட்காரவும் வேண்டாம். பட்டதாரிகளுக்கு பிரிட்டனிலும் இதே மாதிரி ஒரு திட்டம் இருக்கிறது. வருடத்துக்கு மூவாயிரம் இடம், இரண்டு வருடம் தங்கலாம், கணக்கில் 2,530 பவுண்டு காட்ட வேண்டும். அந்தக் குலுக்கலில் சேரக் கட்டணமே கிடையாது. அதற்கும் இருபதாயிரம் வாங்குகிற புண்ணியவான்கள் வேலூரில் இருக்கிறார்கள். விசா கிடைத்தால் கட்டணமும் மருத்துவ வரியும் கட்ட வேண்டிவரும், அது அப்புறம்.

குலுக்கலில் பெயர் வராதபோது இந்த ஏஜெண்டுகள் சொல்லும் அடுத்த வசனத்துக்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். ‘ஆஸ்திரேலியா தள்ளிப்போகுது, அதுவரைக்கும் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, விசிட் விசாவில் போயிடுங்க.’ போனவர்களை மே சோட் எல்லை வழியாக மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடித்த கதைகள் நாட்டுக்கே தெரியும். 2025 மார்ச்சில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானம் அனுப்பி மீட்டு வந்தார்கள். எந்த நாடாக இருந்தாலும் விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள்.

‘இவர்களைக் கேட்க ஆளே இல்லையா’ என்பீர்கள். சட்டம் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஆளிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பதிவு பெற்றவர் பட்டியல் மத்திய அரசின் ‘இமைக்ரேட்’ இணையதளத்தில் இருக்கிறது. ஆனால் ‘நாங்க வேலை வாங்கித் தரலை, விசா கன்சல்டன்சி மட்டும்தான்’ என்று போர்டை மாற்றி மாட்டிக்கொண்டு நழுவிவிடுகிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாளில் மனு கொடுத்தால் அது காவல்துறைக்குப் போகும், அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போகும், ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கிடைக்கும், ஏஜெண்ட் அதற்குள் கடையை வேறு தெருவுக்கு மாற்றியிருப்பார். கல்லூரிக்குக் கல்லூரி வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறார்கள். இந்தக் குலுக்கலுக்குக் கட்டணம் 25 டாலர்தான் என்று தமிழில் ஒரு நோட்டீஸ் அடித்து ஒட்ட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது உங்கள் சான்றிதழ்கள். பதிவுக்கு ஒரிஜினல் எதுவும் தேவையில்லை, அவர் வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை. நாளைக்கே அப்பாவோடு நேரில் போங்கள். பணம் தரமாட்டோம் என்பதை அங்கே சொல்லாதீர்கள். ‘கம்பெனியில் வெரிஃபிகேஷனுக்குக் கேட்கிறார்கள்’ என்று சொல்லி டிகிரி, மார்க்‌ஷீட், டி.சி. எல்லாவற்றையும் எண்ணி வாங்குங்கள். தர மறுத்தாலோ ‘முன்பணம் கட்டிட்டு வாங்கிக்கோங்க’ என்றாலோ அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீதைக் கையோடு வாங்கிவிடுங்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.