போவதும் தூக்குவதும்

கேள்வி: என் மகன் ஜிம்முக்குப் போகிறான். ஒரு மாதம் இடுப்பில் கட்டும் அதிர்வு பெல்ட், மறு மாதம் ஜும்பா நடனம் என்று மாற்றிக்கொண்டே இருக்கிறான். என் அப்பா சுற்றிய கர்லாக்கட்டை வீட்டில் இருக்கிறது. அதை எடுக்கச் சொன்னால் சிரிக்கிறான். நம் முன்னோர் முறைதானே சிறந்தது?
(வாசகர், விருதுநகர்)

பதில்: ‘போகிறான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். தமிழில் தண்டால் எடுக்கிறோம், கர்லா சுற்றுகிறோம், இளவட்டக்கல் தூக்குகிறோம். உடம்பு படும் பாடு அந்த வினைச்சொல்லிலேயே இருக்கிறது. ஜிம்முக்கு மட்டும் ‘போகிறோம்’. கல்யாண வீட்டுக்குப் போவதுபோலப் போய், கண்ணாடி முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பினாலும் போனது போனதுதான். ‘என்ன தூக்கினாய், போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு?’ என்று மகனிடம் கேளுங்கள். எண் சொன்னால் அவனை விட்டுவிடுங்கள். இரும்பானாலும் கல்லானாலும் எனக்கு ஒன்றுதான். சொல்லத் தெரியாவிட்டால் சந்தாவை நிறுத்துங்கள்.

முன்னோர் கட்சியில் என்னைச் சேர்க்காதீர்கள். இந்தப் பக்கத்தில் அவர்களோடு எத்தனையோ முறை மல்லுக்கு நின்றிருக்கிறேன். கர்லாவும் ஒரு காலத்து ஃபேஷன்தான், இங்கே அல்ல, இங்கிலாந்தில். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தார் அதைப் பார்த்துத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1904 செயின்ட் லூயிஸ், 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குகளில் அது போட்டியாகவே நடந்தது. ஆனால் கடல் கடந்த கர்லா இளைத்துவிட்டது. பயில்வான்கள் பல்லைக் கடித்துச் சுற்றிய கட்டை பாட்டில் அளவுக்கு மெலிந்து, பிள்ளைகள் வரிசையில் நின்று இசைக்கு ஏற்பச் சுற்றும் பொருளாயிற்று. அசைவு மிஞ்சியது, பளு போயிற்று. உங்கள் மகனின் பெல்ட்டிலும் இதே கதைதான். ஜும்பா மூச்சுக்கும் இதயத்துக்கும் நல்லது, ஆடட்டும். வலு வேண்டுமென்றால் பளு வேண்டும்.

என் மாமா ஊரில் கோயில் வாசலில் இரண்டு இளவட்டக்கற்கள் கிடந்தன. உருண்டை, வழவழப்பு, பிடிப்பதற்கு ஒரு மூலை கிடையாது. குந்தி உட்கார்ந்து, அடியில் விரல்களைச் செருகி, தொடைமேல் ஏற்றி, நெஞ்சோடு அணைத்து உருட்டி, தோளுக்குத் தள்ளி முதுகுப்பக்கம் விட வேண்டும். சின்னக் கல்லோடு மாதக்கணக்கில் மல்லாடியவன்தான் பெரியதைத் தொடுவான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், காயம்பட்ட வீரர்களுக்கு லேசான எடையையே திரும்பத் திரும்பக் கொடுக்கும் வழக்கத்தை மாற்றி, பளுவைப் படிப்படியாகக் கூட்டினார். கால்கள் தேறின. கோயில் வாசலில் இருந்ததும் அதே பாடம்தான். அது முன்னோர் சொன்னதால் சரியாகிவிடவில்லை. தசை அப்படித்தான் வளர்கிறது.

இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்திருக்க வேண்டும். தரமாட்டார்கள். தேர்வு நெருங்கினால் உடற்கல்வி வகுப்பைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார், தலைமை ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்கிறார், பெற்றோரும் மகிழ்கிறார்கள். உங்கள் மகன் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அந்த வகுப்பைத் திருப்பித் தரச்சொல்லி நீங்கள் போய்க் கேட்டீர்களா?