சனம் ஏன் நாடு விட்டு நாடு போகுது, அதால சனத்தொகைக்கு என்ன நடக்கும்?

சொந்த நாட்டை விட்டு இன்னொரு நாட்டில போய்க் குடியேறுறதுதான் புலம்பெயர்வு. இருக்கிற இடம் தள்ளும், போற இடம் இழுக்கும், யாழ்ப்பாணச் சனம் எங்களை 1983க்குப் பிறகு தள்ளினது யுத்தம், இழுத்தது கனடா, சுவிஸ், லண்டனில முதலே போய் இருந்த சொந்தக்காரர். இப்ப உள்ள யாழ் மாவட்ட எல்லைக்குள்ள 1981ல 7 லட்சத்து 38 ஆயிரம் பேர், 2012ல 5 லட்சத்து 83 ஆயிரம். போனதில கனபேர் இளம் ஆக்கள், அதால பிறப்பும் குறைஞ்சு போகும், விதை வெங்காயத்தையும் சேர்த்து வித்துப்போட்டா அடுத்த போகத்துக்கு எதை நடுறது? எங்கட ஒழுங்கையில நாலு வீடு பூட்டிக் கிடக்கு, அஞ்சாவதில ஒரு அம்மம்மா தனிய இருந்து பேரப்பிள்ளையோட வட்ஸ்அப்பில கதைக்கிறா.

சனத்தொகை குறைஞ்சது முழுக்க வெளிநாடு போனவையாலதான் எண்டு நினைக்காதேங்கோ, யுத்தத்தில செத்தவை, கொழும்பு வன்னி எண்டு இடம்பெயர்ந்தவை, 1990ல வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனம் எல்லாரும் அந்தக் கணக்குக்குள்ள இருக்கினம்.