அமெரிக்கப் போலீஸ் பயிற்சியில் சொல்லும் '21 அடி' என்றால் என்ன?

கத்தியோடு ஒருவர் 21 அடி, அதாவது ஏறக்குறைய ஆறரை மீட்டர் தள்ளி நின்றாலும் ஒன்றரை நொடியில் போலீஸ்காரர் மேல் பாய்ந்துவிடலாம், அவர் உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடவும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும் என்று சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983-ல் எழுதினார். கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, அப்புறம்தானே கை நகரும்! பஸ்ஸின் பின்னால் ஒட்டியே பைக் ஓட்டினால், அது பிரேக் போட்டதும் போய் மோதுவோமே, அதே கதைதான்.

சரி, அங்கே போலீஸ்காரர்கள் அதிகம் அடிபடுவது வீட்டுச் சண்டை, தெருத் தகராறு என்று கூப்பிட்டுப் போகும் இடங்களில், அதுவும் பெரும்பாலும் வெறுங்கையால். எஃப்பிஐ கணக்கே அப்படித்தான் சொல்கிறது. அதனால் பின்னால் நகர்வது, காரை மறைப்பாக வைத்துக்கொள்வது, ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசுவது, இதையெல்லாம் கை பழகும்வரை சொல்லித்தர வேண்டும்.

21 அடிக்குள் வந்தாலே சுடலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி ஒரு சட்டமே கிடையாது.